இருபத்தெட்டாம் நாள்

மணிமுத்தாறு செக்போஸ்டில் பேர் எழுதச் சொன்னார்கள்.
வந்த காரணம் என்ற கட்டத்தில்
மண் என்று எழுதினேன்.
"மண்ணுக்கா இம்புட்டு தூரம்" என்றார் காவலர்,
"கீழ இல்லாத மண்ணா?"

கீழே இல்லாத மண்தான்.
காக்காச்சிக்கு மேலே, தேயிலை முடிகிற வேலிக்கு
ஆறடி தள்ளி நிற்கிறது நரம்பாலி.
ஊசியிலைக் குடும்பம் என்கிறது பாடநூல்.
ஊசி எங்கே?
அகல இலை. நடுநரம்பு கிடையாது.
காம்பில் கிளம்பி நுனிவரை
ஒன்றையொன்று தொடாமல் ஓடும் கோடுகள்.
பூக்காது.
பைன், தேவதாரு என்று உறவெல்லாம் வடக்கே;
இது மட்டும் இங்கே,
யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரியாமல்
பந்தியில் உட்கார்ந்த ஆள் மாதிரி.

மாசானம்தான் இடம் காட்டினார்.
பதினொரு வருஷம் முதுகில் டேங்க் கட்டி மருந்தடித்தவர்.
"காத்து இப்பிடி திரும்பும்லா,
அப்ப மருந்து பூரா இங்கனதான் வந்து எறங்கும்.
தேயிலைக்குப் பாதி, மரத்துக்குப் பாதி."
சொல்லும்போதே அவர் கை
மூக்கை மூடப் போனது.
தடை வந்து வருஷங்கள் ஆகிவிட்டன.
மண்ணுக்கு யாரும் சொல்லவில்லை.

சருகை விலக்கினேன். மூன்று விரல் ஆழம்.
வெள்ளை நூலாய்ப் பூஞ்சை,
வேரெங்கும் மணி மணியாய் முடிச்சு.
கணுக்காலில் அட்டை ஒன்று
சாவகாசமாகக் குடித்துக்கொண்டிருந்தது.
ஒரு கரண்டி. பை. தேதி.
ஐஸ் பெட்டியை மாசானம் வாங்கிக்கொண்டார்,
டேங்க் வார் பதிந்த தோளிலேயே.

அபிஷேகப்பட்டியில் வெளியே வெயில் கொளுத்தியது.
குடுவையில் சர்க்கரை இல்லை, சாறு இல்லை.
தண்ணீர், கொஞ்சம் உப்பு, அந்த மருந்து.
தின்றால் இதைத் தின்னு.
ஹாஸ்டல் மெஸ்கூட இவ்வளவு கண்டிப்பில்லை.

மூன்றாம் நாள் ஒன்றுமில்லை.
ஏழாம் நாள் கரண்ட் போனது. ஜெனரேட்டரில் டீசல் கிடையாது.
குடுவைகளைக் கையால் ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்,
இரண்டு மணி நேரம்,
அழவே அழாத பிள்ளைகளுக்கு.
ஒன்பதாம் நாள் ஒரு குடுவை கலங்கியது,
நீராகாரம் போல.

பல் இல்லை அதற்கு, வயிறு இல்லை.
பழைய இரும்புக் கடைப் பையன் வண்டியைப் பிரிப்பான் பார்,
எந்த நட்டு முதலில் கழலும் என்று
அவன் விரலுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.
அப்படித்தான்.

இருபத்தெட்டாம் நாள் கருவி கோடு வரைந்தது.
முதல் நாள் பொதிகையாய் நின்ற முகடு
இப்போது கறையான் புற்றளவு.
கத்துவதற்கு வாய் திறந்தாயிற்று.
அப்போதுதான் பார்த்தேன்,
பக்கத்தில், இதுவரை இல்லாத இன்னொரு முகடு.

தின்றது மிச்சம் வைத்தது.
ஆக்சிஜன் ஏறிய மகள்.
தாயைப் போலவே கொல்லும்,
தாயைவிட நாள் தாங்கும்.

கலங்கவில்லை என்று
கழுவப் போட்டிருந்த குடுவை ஒன்று தொட்டியோரம் இருந்தது.
சும்மாதான் அதையும் கருவிக்குக் கொடுத்தேன்.
முகடு கொஞ்சம் தாழ்ந்திருந்தது. கொஞ்சம்தான்.
பக்கத்தில் மகள் இல்லை.
அங்கே இருப்பது வேறோர் உயிர்;
தண்ணீரை ஆப்பாக இறக்கி, விஷத்தைப் பிளந்து
சாதுவான ஏதோ ஒன்றாக்கி வைக்கிறது,
ரொம்ப மெதுவாக.
ஒரே மரம். ஒரே கரண்டி.
இரண்டும் அடுத்தடுத்த வீடு.
அந்தத் தெருவில் யார் கூட்டம் அதிகம் என்று
எனக்குத் தெரியாது.

மாசானத்துக்குப் போன் போட்டேன்.
பாறைமேல் ஏறினால்தான் சிக்னல். சாயங்காலம் எடுத்தார்.
பாதி சொன்னேன், நல்ல பாதியை.
"ஏ தாயி, அந்தக் கிருமியில ஒரு சொட்டு
நம்ம ரத்தத்துக்கும் கெடைக்குமா?"
அவரே சிரித்தார். சிரிப்பு இருமலாகி
போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு
வெகுநேரம் இருமினார்.
காற்றும் கேட்டது.

பிறகு மறுபாதியையும் சொன்னேன்,
கழுவப் போட்ட குடுவை வரைக்கும்.
கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப அந்த ரெண்டாவத
ஆட்டிக்கிட்டே இரு" என்றார்,
"கரண்டு போனாலும்."